ஏறுவதற்குப் பகடை கிடையாது

எங்கள் வீட்டுக்குள் கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தபோது. எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான், கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கட்டிலை நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வேலை கிடக்கிறது. வந்த கடலை வைத்துக்கொண்டு எங்கள் தெரு என்ன செய்தது, அந்த நோட்டைக் கிழி என்று வந்து நின்றவருக்கு நான் என்ன பதில் சொன்னேன், அதுதான் சொல்ல வேண்டிய சங்கதி.

என் பெயர் தஸ்நேவிஸ். தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, ஒரே அறை, பின்னால் ஓர் அடுப்படி. என் வீட்டுக்காரர் பிளேவியன் சங்கு குளிக்கிறவர். குளித்தவர் என்று சொல்ல வேண்டும், எனக்கு வாய் வரவில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரும் இடுப்பில் கயிறுமாகக் கஸ்மீர் மோத்தாவின் படகிலிருந்து நாளைக்கு நான்கு தடவை கடலின் தரைக்கு இறங்கிச் சங்கு பொறுக்கி வருவார். சங்கு கிடக்கிற இடத்துக்குப் பார் என்று பெயர். படகுக்குச் சொந்தக்காரரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். கஸ்மீர் சம்மாட்டிக்கு மூன்று படகு. இடுப்புக் கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. ஒரு இழுப்பு என்றால் நிற்கிறேன், நான்கு இழுப்பு என்றால் ஏற்று, அவ்வளவுதான். போன வருஷம் தவக்காலத்தில் ஒருநாள் இருபது பாகத்தில், அதாவது ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து இருபது தடவை அளக்கிற ஆழத்தில் நின்றவரை, ஒரே வீச்சில் மேலே இழுத்துவிட்டார்கள். ஆழத்தில் உடம்புக்குள் ஏறின காற்று மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்கு நேரம் கொடுக்காமல் இழுத்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் நுரைத்துப்போகும். சிரித்துக்கொண்டேதான் படகில் ஏறினாராம். கால்மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

சம்மாட்டி தெருவில் சொன்னது என்னவென்றால், பிளேவியன் பயந்துபோய் நாலு தடவை கயிற்றை இழுத்தான், அதனால்தான் ஏற்றினோம் என்று. இருபது வருஷம் கடலுக்குள் கிடந்த மனுஷன் பயந்தாராம். அப்படியா, நீங்கள் இழுத்தீர்களா என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். எட்டு மாசம் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு அந்தச் சுவரை இடித்துவிடலாமா என்று வந்தது.

ஆஸ்பத்திரியில் கால் பயிற்சிக்குப் போன இடத்தில் பாளையங்கோட்டைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார், கோமதிநாயகம் என்று பெயர், பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். அவரிடம் ஒரு விளையாட்டுப் புத்தகம் இருந்தது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் கதைக்குள் ஆளாக இறங்கி நான் இந்தக் கதவைத் திறக்கிறேன், நான் அந்தப் பூதத்தைக் குத்துகிறேன் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். வார்டு முழுக்கக் கால் கை உடைந்து கிடந்தவர்களெல்லாம் மலை ஏறினார்கள், கோட்டை பிடித்தார்கள், நர்சம்மா வந்து அதட்டினால் ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு மறுபடி பிடித்தார்கள். வாத்தியார் வீட்டுக்குப் போகிற அன்று புத்தகத்தையும் இரண்டு பகடையையும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகத்தில் பூதத்துக்கு நாற்பது பக்கம், வாளுக்குப் பதினாறு பக்கம், கடலுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தைத்தான் நான் ஒருநாள் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடலுக்குள் எவ்வளவு ஆழமும் போகலாம், உடம்பில் தெம்பு உள்ளவரை மூச்சு இருக்கும், புதையல் எடுத்தபின் மேலே வருகிறேன் என்று சொன்னால் போதும், வந்துவிடலாம் என்று போட்டிருந்தது. சொன்னால் போதும். அவர் சிரித்தார். எட்டு மாசத்தில் முதல் சிரிப்பு, கட்டில் ஆடுகிற சிரிப்பு, சிரித்துச் சிரித்து அது எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடு என்றார்.

இருபத்திரண்டு நாள் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூச்சுக்குப் புளியங்கொட்டை. தாம்பாளத்தில் ஆளுக்கு இருநூறு கொட்டை. தண்ணீர் மட்டத்தில் ஒரு கொட்டை செலவாகிற நேரத்தில் ஐந்தரை பாகத்தில் இரண்டு செலவாகும், பதினொன்றில் மூன்று, பதினாறரையில் நான்கு. தனியாக யாரும் இறங்கக்கூடாது, ஜோடி வேண்டும். ஜோடிக்குக் கொட்டை தீர்ந்தால் உன்னுடையதில் பாதி அவனுக்கு. நீரோட்டம் எந்தப் பக்கம், சேறு கலங்குமா, முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் நுழையுமா, சுறா வருமா, எல்லாம் பகடை சொல்லட்டும். ஆனால் ஏறுவதற்குப் பகடை கிடையாது. உன் வாயிலிருந்து போகிற ஆகச் சின்னக் குமிழியைவிட மெல்ல ஏற வேண்டும். மூன்று பாகத்துக்கு வந்ததும் நிற்க வேண்டும், ஆழத்துக்குத் தக்கபடி ஒன்றோ இரண்டோ மூன்றோ பத்துமணி செபம் சொல்லி முடிகிற வரைக்கும். எங்களிடம் ஏது நேரம் பார்க்கிற சாதனம், செபமாலைதான் சாதனம். ஒரு பத்துமணி என்றால் பத்து அருள்நிறைந்த மரியே. அதையும் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவன் சொல்கிற மாதிரி சொல்லக்கூடாது, சாவு விழுந்த துட்டி வீட்டில் சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று அவர் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னார்.

விளையாட வந்தவர்கள் இரண்டு பேர். என் தம்பி தார்சியுஸ், கஸ்மீர் சம்மாட்டியின் படகில்தான் அவனும் குளிக்கிறான். இன்னொருவர் திரேஸ்புரத்து மீராசா, இவரோடு பதினைந்து வருஷம் ஜோடியாக இறங்கினவர், செபமாலைக்குப் பதில் தஸ்பீஹ் மணி கொண்டுவந்தார், முப்பத்துமூன்று மணியை நிதானமாக உருட்டினால் ஒரு பத்துமணிக்குச் சரியாக இருக்கும் என்று நாங்கள் ஒத்துப்பார்த்துக்கொண்டோம். மூன்று பேர் இருந்தால் அறை நிறைந்துவிடும், அதனால் கதை சொல்கிற நான் தாம்பாளமும் நோட்டும் கயிற்று நுனியுமாக வாசலில் உட்கார்ந்தேன். இறங்குகிறீர்களா என்று கேட்டேன். இறங்குகிறோம் என்றார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது.

சத்தமில்லாமல் வந்தது, மேலே வெதுவெதுப்பாகவும் அடியில் குளிர்ந்தும் வந்தது, ஓட்டுக்கூரை வரைக்கும் ஏறி நின்றது, திறந்து கிடந்த வாசலில் சொட்டுகூட வெளியே சிந்தாமல் நிலைப்படியோடு செங்குத்தாக நின்றது, எட்டடி அறைக்குள் நோட்டில் எழுதியிருந்த இருபது பாகமும் இருந்தது. உள்ளே மூன்று பேரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் இறங்கிக்கொண்டிருந்தார், இடுப்புக்கு மேலே உள்ளதை வைத்துக்கொண்டு, கைகளால் தண்ணீரை விலக்கி விலக்கி, கட்டிலை விட்டு, அந்தச் சுவரை விட்டு. கொட்டை இருக்கும்வரை மூச்சு இருந்தது. நான் எண்ணி எண்ணி எடுத்தேன், எண்ணிக்கை தப்பவில்லை. மூன்று பாகத்தில் நிறுத்தினேன், செபம் முடித்து ஏற்றினேன், கடைசி ஆள் தலை வெளியே வந்ததும் கடல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. சுவரில் மாதா காலண்டர் நனையவில்லை. கால் வந்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். வரவில்லை. தண்ணீருக்குள் அது தேவைப்படவும் இல்லை.

முதலில் வந்து பார்த்தது பக்கத்து வீட்டு ரீத்தம்மா. வாசலில் நின்ற தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணிதான், என் பக்கத்துச் சுவருக்கு இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்கேன், ஊறிச்சுன்னா நீதான் அடிச்சுத் தரணும் என்றாள். ஊறவில்லை என்று தெரிந்த மறுவாரமே மாங்காய்க் கீற்றை வலைப்பையில் போட்டு எங்கள் வாசலில் முக்கி எடுத்துக் காயவைக்க ஆரம்பித்தாள், அந்த ருசி கடை உப்பில் வராதாம். பங்குச் சாமியார் வந்து பார்த்து, இரண்டாம் பூசை நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மின்சார ரீடிங் எடுக்க வந்த பையன் தண்ணீருக்குள் கையை விட்டு மீட்டரைத் துடைத்துப் பார்த்து, ஓடுது என்று எழுதிக்கொண்டு போனான். மீன்துறை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஃபாரத்தோடு வந்து, இருபது பாகம் ஆழமுள்ள வீட்டைப் படகு என்று எழுதுவதா கடல் என்று எழுதுவதா என்று அரை மணி யோசித்தார், காப்பி குடித்தார், ரெண்டுக்கும் கட்டம் இல்லை என்று ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வயசாகி ஓய்ந்த குளியாளிகள் எல்லாம் ஞாயிறு தவறாமல் வந்து சும்மா தரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள், ஒரு சங்கைக்கூடத் தொட மாட்டார்கள்.

அப்புறம் கைம்பெண்கள் வந்தார்கள். அதை எப்படிச் சொல்வேன். கடலுக்குப் போன புருஷன் திரும்பாதவர்கள், உடம்பைப் பார்க்காமலே கல்லறைக்குப் பூ வைக்கிறவர்கள், ஒவ்வொருத்தியாக வந்து, யக்கா உள்ள நல்லாத் தேடிப் பாருங்க என்று கேட்டார்கள். என் நோட்டில் எழுதினது மட்டும்தான் இதற்குள் இருக்கிறது, உங்கள் ஆட்கள் இதில் இல்லை என்று நான் ஒவ்வொருத்தியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தியும் என்னைக் கோபிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து மூன்று பாகத்தில் நிற்கிறவர்களுக்காகப் பத்துமணி சொல்ல ஆரம்பித்தார்கள், அதிலிருந்து செபம் தெருவின் வேலையாகிவிட்டது.

விதியை முதலில் மீறினது மீராசாதான். நாலாவது ஞாயிறு, பத்து பாகத்திலிருந்து, விளையாட்டுதானே என்று விருட்டென்று மேலே வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே தலையைத் துவட்டினார். துவட்டின கையின் முழங்கை மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. ஒன்பது நாள் அப்படியே சோறு தின்றார், பத்தாம் நாள் விட்டது. அதற்குப் பிறகு தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் கடல் விளையாட்டு என்றாலும் விதி விளையாட்டில்லை என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துபோயிற்று.

அப்படியே அது வெளிக்கடலுக்கும் போனது. யாரும் கூட்டம் போடவில்லை. மீராசா ஒருநாள் நிஜக் கடலில் மூன்று பாகத்துக்கு வந்ததும் பழக்கத்தில் நின்றுவிட்டார், கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார், முப்பத்துமூன்று எண்ணினார். மறுநாள் தார்சியுஸ் நின்றான். பிறகு மூன்று படகிலும் எல்லாரும் நின்றார்கள். கீழே ஆள் நிற்கிறான், மேலே படகு நிற்கிறது, நாலு தடவை இறங்க வேண்டிய நாளில் இரண்டு தடவைதான் இறங்க முடிகிறது. சாயங்காலம் முழங்கால் வலி என்று தைலம் தேய்க்கிற வீடுகளில் தைல வாடை குறைந்தது. கஸ்மீர் சம்மாட்டியின் முகமும் கடுகடுத்துக்கொண்டே வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக என் வாசலில் வந்து நின்றார். நான் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை. ஏம்மா நேவிஸ், விளையாடுங்க, வேண்டாங்கல, பூதத்தக் குத்துங்க, புதையல் எடுங்க, அந்த மூணு பாகத்துப் பக்கத்த மட்டும் கிழிச்சிரு என்றார். நாளை மறுநாளுக்குள் கிழிக்கவில்லையென்றால் உன் வீட்டில் விளையாடுகிற ஒருத்தனும் என் படகில் ஏற முடியாது, வேறு எந்தப் படகிலும் ஏற விடமாட்டேன் என்றார். தானும் அந்தக் காலத்தில் குளியாளிதான் என்றார், ஒரே வீச்சில்தான் ஏறுவேன், எனக்கு என்ன ஆயிற்று, தம் இல்லாதவன் முடங்குவான், அதற்கு விதி எழுதி ஊரையே நிறுத்தி வைப்பாயா என்றார். உள்ளே கட்டிலில் கிடந்தவருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்கு மேலே தார்சியுஸ் வேறு. கூடப் பிறந்தவன், நான் தூக்கி வளர்த்தவன், கிழிச்சிரு யக்கா, ஒரு தாளுதானே, எனக்குக் கடல விட்டா என்ன தெரியும் என்று என்னிடம் கெஞ்சினான். அந்தத் தாளைக் கிழித்தால் திங்கட்கிழமையிலிருந்து அவன் நாலு தடவை இறங்குவான், நாலு தடவை ஒரே வீச்சில் ஏறுவான், என்றைக்கோ ஒருநாள் சிரித்துக்கொண்டே படகில் ஏறுவான். ஒருத்தருடைய காலை அந்தப் படகுக்குக் கொடுத்தாயிற்று. இன்னொருத்தன் காலையும் கொடுக்க நான் என்ன பைத்தியக்காரியா?

கையிலிருந்த மீனை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"நாளைக்கு மூணு மணிக்கு வாங்க சம்மாட்டி. இருபது பாகம் இறங்குங்க. நிக்காம ஒரே வீச்சுல ஏறி, ரெண்டு காலால என் வாசலத் தாண்டி நடந்து போங்க. நானே கிழிச்சுத் தாரேன்."

அவர் சிரித்தார். நாலு இழுப்பு இழுப்பேன், இழுத்ததும் ஏத்தணும், நிறுத்தக்கூடாது, சரிதானே என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். நான் மீனைக் கழுவக் குனிந்துவிட்டேன். ரீத்தம்மாதான் சரி என்று எனக்காகச் சொன்னாள், அவள் வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் நிற்க இடமில்லை. சம்மாட்டி வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு வந்தார், வயிறு தள்ளியிருந்தாலும் தோள் இன்னும் குளியாளியின் தோள்தான். ஜோடி இல்லாமல் இறங்கக்கூடாது என்று நோட்டைக் காட்டினேன். யார் ஜோடி என்று கேட்டார். கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர், நான் வாரேன் என்றார். அந்த இரண்டு வார்த்தைதான். நான் ஆளுக்கு இருநூறு கொட்டையை எண்ணித் தாம்பாளத்தில் போட்டேன், கயிற்றை என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். இறங்குகிறீர்களா என்று கேட்டேன். கடல் வந்தது.

இரண்டு பேரும் இறங்கினார்கள். பகடை உருட்டினேன், நீரோட்டம் கிழக்கே என்று வந்தது, இருவரும் கிழக்கே சாய்ந்தார்கள். வாசல் வழியாகத் தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தரை பாகம், பதினொன்று, பதினாறரை, கொட்டைகளை நான்கு நான்காக எடுத்தேன். இருபதில் சம்மாட்டி குனிந்து மணலைத் துழாவி, ஒரு கொழுத்த சங்கை எடுத்துத் தூக்கிக் காட்டினார். தெருவில் யாரோ கைதட்டினார்கள். பிறகு அவர் கயிற்றை இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

நான் சொல்வதைச் சரியாகக் கேளுங்கள், நான் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். என் இரண்டு கையும் துறுதுறுத்தது. ஒரே ஒரு வீச்சு. அவரே கேட்டது, ஊரே சாட்சி, சரி என்று ரீத்தம்மா சொல்லியும் ஆயிற்று. இழுத்தால் வருவார், சிரிப்பார், கால்மணி நேரத்தில் சரிவார், பிறகு இந்தத் தெருவில் ஒருத்தனும் ஒரே வீச்சில் ஏற மாட்டான், என் தம்பி பிழைப்பான், சம்மாட்டி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார், அவர் பெண்டாட்டி துணி மாற்றுவாள். எனக்கு அது வேண்டும் போலிருந்தது. வாய்விட்டுச் சொல்கிறேன், ஆசையாகவே இருந்தது. பின்னாலிருந்து தார்சியுஸ், இழு யக்கா என்றான். இன்னும் நாலைந்து பேர் இழு, இழு என்றார்கள்.

கீழே என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இழு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நோட்டு என் மடியில் இருந்தது. இருபத்திரண்டு நாள் அவர் சொல்ல நான் எழுதினது. அதில் விதி யாருக்கு என்று எழுதவில்லை.

நான் மெல்ல ஏற்றினேன். ஆகச் சின்னக் குமிழியைவிட மெல்ல. சம்மாட்டி மறுபடி நாலு இழுப்பு இழுத்தார், மறுபடி நாலு, கயிறு என் உள்ளங்கையை அறுத்தது, நான் பதிலுக்கு ஒரே ஒரு இழுப்பு. நில். மூன்று பாகம் வந்ததும் நிறுத்தினேன். அவர் கோபத்தில் மூச்சை வாரி வாரி விட்டதில் அவருடைய கொட்டை முதல் பத்துமணி முடிவதற்குள் தீர்ந்துபோனது. தாம்பாளத்தின் அந்தப் பக்கம் காலி. என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பாதியை நான் இந்தப் பக்கம் தள்ளினேன், உள்ளே அவர் சம்மாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இரண்டு பேரும் வாசல் தண்ணீரில் தொங்கிக்கொண்டு நின்றார்கள், ஒருவருடைய கால் உதைத்துக்கொண்டு, இன்னொருவருடைய கால் சும்மா. கைம்பெண்கள் துட்டி வீட்டுக் குரலில் செபம் தொடங்கினார்கள், மீராசா மணியை உருட்டினார், இழு என்று சொன்ன வாயெல்லாம் மெதுவாக அருள்நிறைந்த மரியேயில் வந்து சேர்ந்தது, தார்சியுஸும்தான். மூன்று பத்துமணி. ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

முடிந்ததும் ஏற்றினேன். சம்மாட்டி வாசலுக்கு வெளியே வந்து விழுந்து, எழுந்து, சங்கைக் கையில் பிடித்தபடி இரண்டு காலில் நின்றார். கால்மணி நேரம் எல்லாரும் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. மெல்ல அவருக்கே தைரியம் வந்து, பாத்தியா, நிக்கேன், கிழி என்று சொல்ல வாயெடுத்தார். பாதி வரைக்கும் சொன்னார்.

அதற்குள் தார்சியுஸும் மீராசாவும் என் வீட்டுக்காரரைத் தூக்கி வந்து சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே ஆழம், ஒரே உப்பு.

"சம்மாட்டி, இன்னைக்கி நீங்க நாலு தடவ இழுத்தீங்க. அவ ஏத்தல. அன்னைக்கி நான் ஒரு தடவகூட இழுக்கல. நீங்கதான் ஏத்துனீங்க. காத்து எழும்புது, அடுத்த பாருக்குப் போகணும்னு."

எட்டு மாசமும் அதற்குப் பிறகு வந்த மாசங்களும் சுவரிடம் மட்டும் சொன்னதை அவர் தெருவிடம் சொன்னார். சத்தம் போடவில்லை. நான் அழுதேன், துடைக்கவில்லை. கஸ்மீர் மோத்தா கையிலிருந்த சங்கைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தோம். சங்கை என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேட்டியைக்கூட எடுக்காமல் நடந்து போனார். தெருக்கோடி வரைக்கும் ஈரப் பாதம் பதிந்து கிடந்தது, வலது ஒன்று இடது ஒன்று, அது காய்கிற வரைக்கும் யாரும் அதன்மேல் மிதிக்கவில்லை.

திங்கட்கிழமை ஒருத்தரும் படகில் ஏறவில்லை. மூன்று பாகத்தில் நிற்பதென்றால் ஏறுகிறோம், இல்லையென்றால் படகு கரையிலேயே நிற்கட்டும் என்று மீராசா சொல்லியனுப்பினார். ஒரு பத்துமணி நிற்கலாம் என்று செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நோட்டில் உள்ளதுதான் என்று நாங்கள் திருப்பி அனுப்பினோம். புதன், வியாழன் மூன்று படகும் அலையில் சும்மா ஆடிக்கொண்டு கிடந்தன. நான் பக்கத்தைக் கிழித்துவிடுவேனோ என்று யாராவது என் முகத்தைப் பார்த்தால், அந்த முகத்தையே நான் திருப்பிப் பார்த்தேன். தார்சியுஸ் ஒருநாளும் என்னிடம் கிழி என்று மறுபடி சொல்லவில்லை, கயிறு அறுத்த என் கைக்கு அவன்தான் மஞ்சள் பத்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சம்மாட்டியே படகில் வந்து உட்கார்ந்திருந்தாராம். தார்சியுஸ் இருபது பாகம் இறங்கியபோது அவன் கயிற்றை அவரே கையில் வாங்கிக்கொண்டாராம். மெல்ல ஏற்றினாராம், மூன்று பாகத்தில் நிறுத்தினாராம். தண்ணீர் தெளிவாக இருந்ததால் கீழிருந்து பார்த்தால் படகின் விளிம்பில் அவர் முகம் தெரிந்ததாம், வாய் அசைவதும் தெரிந்ததாம். ஆனால் மனுஷனுக்குப் பழக்கம் போகுமா, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவன் மாதிரி மூன்று பத்துமணியையும் படபடவென்று ஒப்பித்துவிட்டு, ஏற்றலாம் என்று கயிற்றை இறுக்கினாராம்.

என் தம்பி கீழிருந்து ஒரு இழுப்பு இழுத்தானாம். நிற்கிறேன்.

அவர் குனிந்து பார்த்தாராம். கயிற்றைத் தளர்த்திக்கொண்டு, முதல் மணியிலிருந்து மறுபடி தொடங்கினாராம், நிறுத்தி, நிதானமாக.